நீலகிரித் தைலம்: சர்க்கரையில் ரெண்டு சொட்டு கொடுக்கலாமா?

கேள்வி: 14 நவம்பர் 2023, இரவு 9.12

பையனுக்கு மூணு வயசு. ஒரு வாரமா சளி, ராத்திரியானா மூக்கு அடைச்சுக்குது. மாமியார்கிட்ட ஊட்டியில வாங்கின நீலகிரித் தைலம் இருக்கு. சர்க்கரையில ரெண்டு சொட்டு விட்டு நாக்குல வச்சா விடியறதுக்குள்ள சளி கரைஞ்சுடும், என் மூணு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன்னு சொல்றாங்க. இலையிலிருந்து எடுக்கிறதுதானே, என்ன பக்கவிளைவு வரப்போகுதுன்னு வீட்டுக்காரரும் கேக்குறார். எனக்குத்தான் கை வரலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

14 நவம்பர், இரவு 9.50

கொடுக்காதீங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மேட்டுப்பாளையத்தில் மருந்துக் கடை கவுண்டரில் 22 வருஷமாக நிற்கிறவன். பிறந்தது கோத்தகிரிப் பக்கம். அம்மா தைலக் கொட்டகையில் இலை கட்டிக் கூலி வாங்கினவர். அந்தக் காசில் படித்தவன் என்பதால் தைலத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. பெரியவர்களுக்கு, வெளிப்பூச்சாக, அளவோடு என்றால் நல்ல சரக்கு. வாய்க்குள் போனால் கதை வேறு.

குழந்தைகளுக்கு 2, 3 மில்லி உள்ளே போனதற்கே தள்ளாட்டமும் அரைமயக்கமும் வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி என்றால் வலிப்பு, நினைவிழப்பு வரை போகக்கூடிய கட்டம். அந்த அளவுக்கே உயிரை விட்ட பெரியவர்கள் உண்டு. அதைப்போலப் பல மடங்கு குடித்துப் பிழைத்தவர்களும் உண்டு. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் தொல்லை.

14 நவம்பர், இரவு 10.25

படுக்கப் போனவன் திரும்ப வந்துவிட்டேன். "அப்போ தைலத்தில் மருந்தே இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்கிற பொருள். மருந்துத் தரத்துக்கு அது 70 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜெர்மனியில் அதை மட்டும் பிரித்துக் காப்ஸ்யூலில் அடைத்து மூச்சுக்குழாய்ச் சளிக்கும் சைனஸுக்கும் விற்கிறார்கள், ஒரு காப்ஸ்யூல் 200 மில்லிகிராம். 2003இல் ஸ்டீராய்டு மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்துமாக்காரர்கள் 32 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அதைத் தினம் மூன்று வேளை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு அளவை ஓரளவு குறைக்க முடிந்தது.

மருந்து இருப்பதால்தான் அளவு கேட்கிறேன். ஒரு டீஸ்பூன் தைலம் 5 கிராம். 200 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். 25 காப்ஸ்யூல் ஒரே மடக்கில்.

15 நவம்பர், காலை 6.40

"இலைதானே" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

கொட்டகையில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்கள் இங்கே குறைவு. ஆள் உயர இரும்பு அண்டா. அதில் இலையைப் போட்டு, ஆள் உள்ளே இறங்கி மிதித்து மிதித்து அடைப்பார்கள். அடியில் தண்ணீர், கீழே விறகு அடுப்பு. மூடியின் விளிம்பில் ஆவி கசியாதபடி சேறு பூசுவார்கள். மூடியிலிருந்து கிளம்பும் குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வளைந்து வளைந்து போய், மறுபக்கம் வெளியே வரும். முதலில் ஒன்றும் வராது. பிறகு தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் மேல் லேசான மஞ்சளாக ஒரு படலம் மிதக்கும் பாருங்கள், அதுதான் தைலம். வெந்து சக்கையான இலையை வெயிலில் காயவைத்து அடுத்த கொதிக்கு அதையே எரிப்பார்கள். மூடியைத் திறக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. நாங்கள் பசங்கள் பந்தயம் கட்டி நிற்போம், யார் கடைசியில் ஓடுகிறான் என்று.

நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவைச் சுற்றித்தான் தைலம் இறங்கும். ஆக ஒரு டீஸ்பூன் என்பது கிட்டத்தட்ட அரைக் கிலோ இலை. மூன்று வயசுப் பையன் வாயில் அரைக் கிலோ தைல இலையை யாராவது திணிப்பார்களா? மாமியாரே சம்மதிக்க மாட்டார்.

15 நவம்பர், காலை 6.55

கோலா கரடி அதைத்தானே தின்னுகிறது என்று கேட்ட புண்ணியவானுக்கு: அதற்கு அந்த இலையின் நஞ்சை முறிக்கிற ஈரல் வாய்த்திருக்கிறது. அப்படியும் ஒரு நாளில் இருபது மணி நேரம் தூங்குகிறது. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

15 நவம்பர், மதியம் 2.10

நேற்று ராத்திரி போட்ட கணக்கு தப்பு. சுட்டிக்காட்டிய கணக்கு வாத்தியாருக்கு நன்றி. தைலம் தண்ணீரைவிட இலேசு, அதனால்தானே மிதக்கிறது. அதை நானே காலையில் எழுதிவிட்டு, கணக்கில் மறந்திருக்கிறேன். 5 மில்லி என்றால் நாலரை கிராம்தான். அதில் 70 சதவீதம் சினியோல் என்றால் 3 கிராமுக்குச் சற்று மேல். 25 காப்ஸ்யூல் இல்லை, 16. ராத்திரி பத்து மணிக்கு மேல் வகுத்தல் போடக் கூடாது.

16 நவம்பர், இரவு 8.30

"பாட்டன் பூட்டன் காலத்து வைத்தியம், சித்தர்கள் சொன்னது" என்று ஒருவர் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். அண்ணே, இந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கேயே தைலத்தை வியாபாரமாகக் காய்ச்ச ஆரம்பித்தது 1850களில், விக்டோரியா மாகாணத்தில். நீலகிரிக்கு மரம் வந்தது 1843. கேப்டன் காட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி வெலிங்டனில் நட்டார். சோலைக்காட்டை விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டு, மாற்று விறகு தேடியபோது கிடைத்தது இது. மலைக்கு அது 180 வருஷ விருந்தாளி.

வடக்கே இந்த மரத்துக்கே நீலகிரி என்றுதான் பேர், ஏதோ இங்கே முளைத்த மாதிரி. எங்கள் மலையில் கற்பூர மரம் என்போம். கீழ்நாட்டில் தைல மரம்.

சளிக்கு வேது பிடிக்க நம் ஆட்கள் தொன்றுதொட்டு வைத்திருப்பது நொச்சி. அதைத் தைலம் ஓரங்கட்டியதற்கு முக்கியக் காரணம், நொச்சியைப் போய்ப் பறிக்க வேண்டும், தைலம் பாட்டிலில் இருக்கிறது. என் அனுமானம் அவ்வளவுதான்.

16 நவம்பர், இரவு 9.05

பெங்களூர் நண்பர் திருத்துகிறார்: மைசூர்ச் சீமையில் நந்தி மலையில் திப்பு சுல்தான் 1790ஐ ஒட்டியே நட்டதாகச் சொல்வார்கள் என்று. ஆமாம், அது உண்டு. நான் நீலகிரியை மட்டும் மனதில் வைத்து எழுதினேன். சித்தர்களுக்கு அப்போதும் எட்டவில்லை.

17 நவம்பர், இரவு 10.00

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதியிருந்தார். "அண்ணா, நீங்க டீஸ்பூன் கணக்கு சொல்றீங்க, எங்க வீட்டுல பேசினது ரெண்டு சொட்டு" என்று. நியாயம். இரண்டு சொட்டு என்றால் மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த இரண்டு சொட்டால் மட்டும் பிள்ளை மயங்கி விழுந்திருப்பான் என்று நான் சொன்னால் அது பொய். உங்கள் மாமியாரின் மூன்று பிள்ளைகளும் நன்றாக இருப்பதில் அதிசயம் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொட்டு மூடி இருக்கிறதா? பாதிப் பாட்டில்களில் இருக்காது. ராத்திரி பதினொரு மணி, அழுகிற பிள்ளை, ஒரு கையில் கரண்டி, கண்ணாடி போடாத பாட்டி. இரண்டு சொட்டு எங்கே நின்றது? பிள்ளை இருமும்போது வாய்க்குள் இருக்கிற எண்ணெய் மூச்சுக்குழலுக்குப் போனால் அது தனி ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேல், "இது குடிக்கிற மருந்து" என்று அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சர்க்கரையோடு வேறு. அடுத்த வாரம் அவனே எடுப்பான்.

மெல்போர்னில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை இந்தத் தைலத்தைக் குடித்துவிட்டுச் சேர்ந்த குழந்தைகள் 109 பேர். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பாதிப்போடு வந்தவர்கள். நிறைய வீடுகளில், சளிக்காக அறையில் ஆவி விட வைத்த கருவியிலிருந்துதான் பிள்ளை எடுத்துக் குடித்திருக்கிறது. தரையில், கைக்கு எட்டுகிற இடத்தில், சளி பிடித்த பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தது அது. மருந்தாக வைத்ததுதான்.

18 நவம்பர், காலை 7.15

பாட்டில் என்றதும் ஞாபகம் வந்தது. மலையில் சில்லறைக்கு விற்கிற தைலம் அந்தக் காலத்தில் குவார்ட்டர் பாட்டிலில்தான் வரும். கழுவிக் காயவைத்த பழைய பாட்டில், கார்க் அல்லது துணி அடைப்பு. எங்கள் லைன் வீட்டில் ஒரு சித்தப்பா, வேலை முடிந்து வந்தவர், விளக்கு ஏற்றாத நேரம், அலமாரியில் கை விட்டார். கையில் கிடைத்தது குவார்ட்டர். பல்லால் அடைப்பைக் கடித்து எடுத்தார். அந்த வாடை மூக்கில் ஏறுவதற்குள் ஒரு மடக்கு இறங்கிவிட்டது.

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. தொண்டை எரிகிறது என்று கத்தினார், வாந்தி எடுத்தார், எல்லாரும் சிரித்தார்கள். கால் மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்காமலே குடித்தவர் மாதிரி நாக்குக் குழறியது. பிறகு தரையில் உட்கார்ந்து, கூப்பிட்டால் "ம்" என்றார், கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. காய்கறி லாரியில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தார். ஒரு வாரம் அவர் ஏப்பம் விட்டால் ரூமே தைல வாடை.

பிழைத்ததால் சிரிக்கிறோம்.

18 நவம்பர், காலை 7.40

அந்தக் கதையில் ஒன்று விட்டுப்போனது, முக்கியமானது. சித்தப்பாவுக்கு உப்புத்தண்ணீர் கொடுத்து விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தார்கள். இங்கேயும் ஒருவர் அதையே சொல்லியிருக்கிறார். செய்யாதீர்கள். இது மெல்லிய எண்ணெய். மேலே திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே நிமோனியா மாதிரி ஆகிவிடும். வாந்தி தானாக வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் பிடியுங்கள். பால், மோர், எலுமிச்சை என்று எதையும் ஊற்ற வேண்டாம். 108க்குப் போன் போடுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், எவ்வளவு மிச்சம் என்று டாக்டருக்குத் தெரியும். "பையன் நல்லாத்தானே விளையாடறான்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. பெரும்பாலும் அரை மணிக்குள் காட்டிவிடும். நாலு மணி நேரம் கழித்துக் காட்டியதும் உண்டு.

19 நவம்பர், இரவு 9.20

"குடிச்சாத்தானே ஆபத்து, தடவினா என்ன?"

இதே கேள்வி ஏழு பேர். நானும் முதல் குறிப்பில் வெளிப்பூச்சுக்கு நல்ல சரக்கு என்று எழுதிவிட்டேன், அதைக் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கிறது.

1998இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்தது: ஆறு வயசுப் பெண், உடம்பெல்லாம் தடிப்பு. வீட்டில் தயாரித்த தைலக் கலவையை உடம்பு நிறையப் பூசிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, கடைசியில் நினைவு போய்விட்டது. பூச்சை அகற்றிய பிறகு மீண்டுவிட்டாள். குடிக்கவே இல்லை. ஊறியதுதான்.

பெரியவர்கள் முட்டிக்கோ நெற்றிக்கோ தடவுவதற்கும் இதற்கும் தூரம் உண்டு. அப்போதும் தேங்காயெண்ணெயில் கலந்துதான். பச்சையாகத் தேய்த்து மேலே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் கொப்புளத்தோடு கடைக்கு வருகிறவர்கள் குளிர்காலம் முழுக்க உண்டு. புண் மேல், கண் பக்கத்தில், வேண்டவே வேண்டாம். சிலருக்கு இழுப்பு அடங்குகிறது, சிலருக்கு இந்த வாடைதான் இழுப்பையே கிளப்புகிறது. உங்கள் வீட்டு ஆஸ்துமாக்காரர் எந்த ரகம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

19 நவம்பர், இரவு 9.45

வலிப்பு இருக்கிறவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். தென்னிந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில் நாலு வருஷம் பார்த்து 2021இல் வெளிவந்த ஆய்வு. வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு, வலிப்புக்கு முன்னால் தைலமோ பாமோ பயன்படுத்திய தொடர்பு இருந்தது. ஆறேழு பேருக்கு ஒருவர். அதில் அதற்குமுன் வாழ்க்கையில் வலிப்பே வராதவர்களும் இருந்தார்கள். குடித்தவர்கள் மட்டும் இல்லை, தடவியவர்கள், முகர்ந்தவர்களும் சேர்த்தி. சம்பந்தப்பட்ட சரக்கு இரண்டு: யூகலிப்டஸ், அதாவது நம் நீலகிரித் தைலம்; கற்பூரம், அதாவது சூடம்.

இது படித்த பிறகு கவுண்டரில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். வலிப்பு மாத்திரை வாங்க வருகிறவரிடம் "தலைவலிக்கு என்ன தேய்ப்பீங்க?" முதலில் முறைப்பார்கள். பிறகு "ஏன், பாம்தான்" என்பார்கள். பையில் இருக்கும். சிங்கப்பூர்க் கோடாலித் தைலமாகவும் இருக்கும். அதிலும் யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டும் உண்டு. டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்றால், "அது மருந்தா, அதைப் போய்ச் சொல்ல?"

20 நவம்பர், மதியம் 1.30

கற்பூரம் என்று எழுதினதும் கேள்வி வந்துவிட்டது. கைக்குழந்தைக்குச் சூடத்தைத் துணியில் முடிந்து கட்டுவது, தேங்காயெண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது. சூடம் தைலத்தைவிட மோசம். ஒரு கிராம் அளவுக்கே குழந்தை இறந்த பதிவு உண்டு, வில்லை பார்க்க மிட்டாய் மாதிரி வேறு இருக்கும். தவழ்கிற பிள்ளை முடிச்சை அவிழ்த்து வாயில் போட எவ்வளவு நேரம்? பூஜை அறையில் அது கீழ்த்தட்டில் இருந்தால் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

22 நவம்பர், இரவு 11.10

ஒரு விஷயம். முந்தாநாள் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது "தெரிந்த வீட்டில் ஒன்பது மாதக் குழந்தைக்கு வாடையிலேயே மூச்சு முட்டியது" என்று எழுதி, பிறகு அழித்துவிட்டேன். சிலர் படித்துவிட்டு எந்த வீடு, என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள்.

என் வீடு. என் மகள்.

2008 டிசம்பர். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதாள். டிப்ளமோ படித்தவன், லேபிளில் இரண்டு வயசுக்குக் கீழே கூடாது என்று வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவன் நான். தடவக் கூடாது, சரி, முகரலாம்தானே என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுத் தொட்டில் சேலையின் உள்மடிப்பில், தலைப்பக்கமாக வைத்தேன். சேலைத் தொட்டில் எப்படி என்று தெரியும்தானே, இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், உள்ளே காற்று நிற்கும். ஒரு நிமிஷம் இருக்கும். அழுகை நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மனைவிதான் அடுக்களையிலிருந்து "ஏங்க, சத்தமே இல்லையே" என்று ஓடி வந்து சேலையை விலக்கினாள். வாயைத் திறந்திருக்கிறாள், மூச்சு உள்ளே போகவில்லை, முகம் கன்றிப்போய். தூக்கி முதுகைத் தட்டினதும் ஒரு இழுப்பு இழுத்து வீறிட்டாள். எல்லாம் சேர்த்துப் பத்து நொடி இருக்கலாம்.

பிறகு டாக்டர் விளக்கினார். பச்சைக் குழந்தைக்கு இந்தக் காட்டமான வாடை மூக்கருகில் வந்தால் குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும், மூச்சை அடக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 18 மாதக் குழந்தைக்கு மூக்குக்குக் கீழே சளிக் களிம்பு தடவி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்ததை ஒட்டி 2009இல் கட்டுரை வந்தது. நான் அதைப் படித்தபோது மகளுக்கு வயசு ஒன்றரை.

"தெரிந்த வீடு" என்று எழுதினது கூச்சத்தில்தான்.

23 நவம்பர், காலை 7.00

ராத்திரி எழுதினதைப் பார்த்துவிட்டு மனைவி சொல்கிறாள்: இரண்டு சொட்டு இல்லையாம், நாலு. "பாட்டிலைக் கவுத்தீங்க, நான் பார்த்தேன்." பதிவு செய்துவிடுகிறேன்.

25 நவம்பர், மாலை 6.30

மூக்கு விஷயம் ஒன்று. தைலத்தை மோந்தால் மூக்கு "திறக்கிறது" என்கிறோமே, உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கும். குளிர்ச்சியை உணர்கிற நரம்பு முனைகளை மெந்தாலும் சினியோலும் தொட்டு எழுப்புகின்றன. சில்லென்று காற்று போகிறது என்று மூளைக்குச் சேதி போகிறது. பெரியவர்களுக்கு அந்த ஏமாற்றே போதும், தூங்கிவிடுவோம். நானும் அதற்குத்தான் தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விடுகிறேன். பால் குடிக்கிற பிள்ளைக்கு உண்மையாகவே மூக்குத் திறக்க வேண்டும், அதற்கு உப்புநீர்ச் சொட்டுதான்.

25 நவம்பர், இரவு 8.15

ஆவி பிடிப்பது பற்றி நிறையக் கேள்வி. பெரியவர்கள் பிடிக்கலாம். என் பயம் தைலத்தைவிடப் பாத்திரத்தின் மேல். 2021 கொரோனா சமயத்தில் ஊரே குண்டானைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. பொது இடத்தில் குழாய் வைத்து ஆவி பிடிக்கிற ஏற்பாடெல்லாம் வந்து, சுகாதார அமைச்சரே வேண்டாம் என்று சொல்லும்படி ஆனது. அந்த மே மாதம் என் கடையில் ஆவி பிடிக்கிற பிளாஸ்டிக் கருவி தீர்ந்தது, அடுத்தபடியாக வேகமாகத் தீர்ந்தது தீப்புண் களிம்பு. ஒருவர் பத்து வயசு மகளுக்கு மடியில் குண்டானை வைத்துப் போர்வை போர்த்தியிருக்கிறார். தும்மல் வந்து கால் உதறியிருக்கிறது. தொடை முழுக்க. அவர் என்னிடம் களிம்பு கேட்டபோது கைவிரல் நடுங்கி ரூபாய் நோட்டைப் பிரிக்க முடியவில்லை. களிம்பு தரவில்லை, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மேசை மேல் வையுங்கள், மடியில் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கினதும் குனிய வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் விடவே விடாதீர்கள். தைலம் ஊற்றினால் ஓரிரு சொட்டு, பாட்டில் மூடியால் அளப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

28 நவம்பர், இரவு 9.40

புதுக்கோட்டைத் தம்பி, ரோட்டோரத் தைல மரத்து இலையைப் போட்டு வேது பிடிக்கலாமா என்கிறார். பிடிக்கலாம், வாடைதான் குறைவாக இருக்கும். உங்கள் பக்கம் வனத்தோட்டக் கழகம் வளர்ப்பது காகிதக் கூழுக்கான ரகம். மலையில் இருப்பது நீலம் பூத்த இலை ரகம், தைலத்துக்கே ஆனது. இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வந்தால் அது மூன்றாவது ரகம். அதில் சினியோல் சொற்பம், கொசுவுக்கு ஆகும்.

இதைச் சாக்கிட்டு அவர் நிலத்தடி நீர் பற்றி ஆரம்பித்துவிட்டார், பின்னாலேயே பத்துப் பேர். கிணறு வற்றினவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் மலையிலும் புல்வெளியை இதுவும் சீகை என்கிற வாட்டில் மரமும்தான் தின்றன. ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே பிள்ளை வாயில் தைலம் ஊற்றுவதைப் பேசுகிறோம்.

3 டிசம்பர், இரவு 9.00

தங்கச்சி திரும்ப வந்திருக்கிறார். பையனுக்கு மூச்சு வேகமாக இருந்ததால் டாக்டரிடம் காட்டினாராம், மார்புச் சளி, மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது. தைலத்தை மாமியார் முட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம். "மெடிக்கல் கடைக்காரன் சொல்றதைக் கேட்டு என்னைக் கொலைகாரி ஆக்கிட்டே" என்று இரண்டு நாள் பேசவில்லையாம். அம்மா, உங்களைச் சொல்லவில்லை. தொட்டிலில் கைக்குட்டை வைத்தவன் நான்தான், மேலே படியுங்கள்.

17 ஜனவரி 2024, இரவு 10.30

பொங்கலுக்கு மலைக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கொட்டகை பற்றி எழுதினதில் ஒரு திருத்தம் சொன்னார்: மூடி விளிம்புக்கு வெறும் சேறு பூசினால் வெடித்துவிடும், சாணியும் கலப்பார்களாம். சித்தப்பா கதைக்கு மட்டும் சிரித்தார்.

பிறகு அலமாரியைத் திறந்து தைலப் பாட்டிலை எடுத்தார். இன்னும் அதே குவார்ட்டர் பாட்டில் பழக்கம்தான். கத்தப்போனேன். பாட்டில் கழுத்தில் தேங்காய் நார்க் கயிறு நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. என்னம்மா இது என்றேன்.

"உங்க சித்தப்பன் குடிச்ச அன்னிக்குக் கட்டினது. பாட்டில் மாறும், கயிறு மாறாது. இருட்டுல கை வச்சாலும் சொரசொரன்னு தட்டுப்படும்ல?"

இதை இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ படிச்சவன், உனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு முட்டியில் தேய்க்க உட்கார்ந்தார்.